நாளைக்கு எத்தனை படி?

"அவங்களுக்கு இன்னாபா, ஒரே நாள்ல ஃபேமஸ் ஆயிட்டாங்க." யாரோ எடுத்த வீடியோ பரவித் திடீரென்று பெயர் பெற்ற சாலையோரக் கடைக்காரரைப் பற்றி வேலூர்ப் பக்கம் டீக்கடைப் பேச்சில் இது அடிக்கடி காதில் விழுகிறது. பாதி வாழ்த்து, பாதி வயிற்றெரிச்சல். சொல்கிறவர் யாருக்கும் அந்த ஆள் மேல் பரிதாபம் வந்ததாகத் தெரியவில்லை. சினிமாக்காரருக்குப் புகழ் வந்தால் வீட்டுக்கு மதில் இருக்கும், போனை எடுக்க ஓர் ஆள் இருப்பார், வேண்டாமென்றால் ஒரு மாதம் கண்ணில் படாமல் இருக்கலாம். தள்ளுவண்டிக்காரருக்கு மறுநாள் காலை அதே முக்கில், அதே முகத்தோடு போய் நின்றால்தான் அடுப்பு எரியும். பிழைப்பு நடக்கிற அதே நாலடி இடத்தில்தான் புகழும் வந்து உட்காருகிறது. பின்வாசல் கிடையாது. இந்தக் கட்டுரை அந்த நாலடி இடத்தைப் பற்றியது.

பேச வசதியாக ஓர் இட்லிக்கடையை வைத்துக்கொள்வோம். எந்த நிஜக் கடையும் இல்லை. காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ ஒரு சர்வீஸ் ரோட்டு ஓரம். கடை நடத்துவது ஓர் அக்கா. காலை ஆறிலிருந்து ஒன்பதரை வரை வியாபாரம். ரயிலைப் பிடிக்கப் போகிறவர்கள், ஆட்டோக்காரர்கள், ஷூ கம்பெனிக்கு வேன் ஏறுகிற பெண்கள், ஆஸ்பத்திரிக்கு வந்து லாட்ஜில் தங்கியிருக்கிற வங்காளக் குடும்பம் ஒன்று. எல்லாம் சேர்த்து அறுபது, அறுபத்தைந்து பேர்.

மாவுக்கு ஒரு கடிகாரம்

அந்த அறுபத்தைந்து பேருக்கு என்ன கணக்கு? மூன்று படி இட்லி அரிசி, ஏறத்தாழ நாலு கிலோ. அதற்கு ஒரு கிலோ உளுந்து, ஒரு பிடி வெந்தயம். கிலோ அரிசிக்கு அறுபதிலிருந்து எழுபது இட்லி என்று வைத்தால், இருநூற்றைம்பதுக்கு மேல் தேறும். மத்தியானம் இரண்டு மணிக்கு ஊறப்போட வேண்டும். ஆறு மணிக்கு மேல் கிரைண்டர். இரண்டு லிட்டர் கிரைண்டரில் ஒரு தடவைக்கு ஒரு கிலோ போட்டாலே அதிகம். உளுந்துக்கு அரை மணி நேரம், இடையிடையே தண்ணீர் தெளிக்க வேண்டும். கல் சூடேறினால் உளுந்து பொங்காது. நாலைந்து ஈடு அரைத்து முடிக்க ராத்திரி ஒன்பதைத் தாண்டும். உப்புப் போட்டுக் கையால் கரைத்து மூடிவைத்தால், சித்திரை வெயிலில் ஐந்தாறு மணி நேரத்திலேயே பொங்கிவிடும். மார்கழியில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். காலையில் துணி போட்டு ஊற்றி, ஓர் ஈடு வெந்து இறங்கப் பத்திலிருந்து பன்னிரண்டு நிமிடம்.

இந்தக் கடிகாரத்தை யாரும் அவசரப்படுத்த முடியாது. ஒரு சனிக்கிழமை காலை யாரோ ஒரு பையன் வந்து, "அக்கா, ஒரு வீடியோ எடுத்துக்கவா?" என்று கேட்டு, சட்னி ஊற்றுவதைப் பக்கத்தில் வைத்து எடுத்துவிட்டுப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு முந்நூறு பேர் நிற்கிறார்கள். மாவோ முதல் நாள் மத்தியானம் அறுபத்தைந்து பேருக்கு ஊறியது. ஏழரைக்கெல்லாம் பாத்திரம் காலி. சென்னையிலிருந்து பைக்கில் வந்தவனுக்கு இல்லை. அவன் கோபித்துக்கொள்கிறான். தினம் ஏழே முக்காலுக்கு வந்து நாலு இட்லி தின்றுவிட்டுப் போகிற ஆட்டோ அண்ணனுக்கும் இல்லை. அவர் கோபப்படவில்லை. கூட்டத்தைப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விடுகிறார். அக்கா அதைப் பார்க்கிறார். அன்றைக்கு வந்த முந்நூறு பேரில் அக்காவின் மனசில் தங்குவது வராமல் போன அந்த ஒருத்தர்தான்.

அடுத்த வாரத்தில் நடக்கிற தப்புகளெல்லாம் இந்த மாவிலிருந்தே கிளம்புகின்றன. மூன்று படியைப் பன்னிரண்டு படி ஆக்க வேண்டும். காலையிலேயே ஊறப்போட்டு, வீட்டுக் கிரைண்டர் மத்தியானம் தொடங்கி இரவு ஒரு மணி வரை ஓடுகிறது. அக்கா நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும், தூக்கம் மூன்று மணி நேரம். ஐந்தாம் நாள் கிரைண்டர் மோட்டார் புகைகிறது. கடையில் விற்கிற மாவை வாங்கிக் கலக்கிறார்கள். அது யாரோ எப்போதோ அரைத்த மாவு, புளிப்பு வேறு. இட்லி தட்டையாகிறது. சாம்பாரில் பருப்பு குறைந்து மிளகாய்த்தூள் கூடுகிறது. கமெண்ட் வருகிறது: "ஓவர் பில்டப். வேஸ்ட்." அந்தக் கமெண்டில் பொய் ஒன்றும் இல்லை. அன்றைக்கு இட்லி நிஜமாகவே நன்றாக இல்லை. அதுதான் வலி. பொய்யாகத் திட்டினால் துடைத்துப் போட்டுவிடலாம். இருபது வருஷம் கை பழகிய வேலையில், தன் கையே பிசகியதை ஊர் பார்த்துவிட்டது.

கஷ்டத்தைச் சொல்லுங்கக்கா

இரண்டாவது அலையில் வருகிறவர்களுக்கு இட்லி வேண்டாம், கதை வேண்டும். கேமராவை வைத்ததும் கேட்கிற முதல் கேள்வி, "உங்க கஷ்டத்தைக் கொஞ்சம் சொல்லுங்கக்கா." வீட்டுக்காரர் போனது, மகளிர் குழுவில் கடன் எடுத்தது, பிள்ளையை ஒன்பதாவது படிக்க வைப்பது. முதல் தடவை சொல்லும்போது தொண்டை அடைக்கிறது, நிஜமாகவே கண் கலங்குகிறது. அந்தக் கண்ணீர் வந்த வீடியோதான் நன்றாக ஓடுகிறது. ஆகவே அடுத்தவன் வந்து அங்கேதான் கேட்கிறான். எட்டாவது தடவை எங்கே நிறுத்தினால் எதிரில் இருப்பவர் முகம் மாறும் என்று அக்காவுக்கே தெரிந்துவிடுகிறது. இருபதாவது தடவை வாய் தானாகச் சொல்கிறது. கை தோசைத் திருப்பியைத் தேடுகிறது. அன்று ராத்திரி தனியாகப் படுத்திருக்கும்போது வீட்டுக்காரர் நினைப்பு வருகிறது. அழுகை வரவில்லை. "இத்தனை பேர்கிட்ட அழுதாச்சே, இன்னும் இன்னா மிச்சம்" என்று ஒரு நினைப்பு. அடுத்து, "அப்போ நான் அழுததெல்லாம் நடிப்பா" என்று இன்னொரு நினைப்பு. வெளியிலிருந்து வருகிற எந்தத் திட்டைக் காட்டிலும் இந்தச் சந்தேகம் மோசமானது. துக்கம் அவரவர் சொத்து. அதை விற்கக் கூடாது என்று சட்டம் ஏதும் இல்லை. விற்றபின் வீட்டில் ஒரு மூலை காலியாகக் கிடக்கும், அவ்வளவுதான்.

பிள்ளையை மறந்துவிடக் கூடாது. அம்மா வீடியோவில் சொன்ன ஒரு வார்த்தையை வெட்டி மீம் போட்டிருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் அவன் வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் யாராவது அதே குரலில் அதைச் சொல்வார்கள். பையன் அம்மாவிடம் சொல்லமாட்டான். கடைக்கு உதவிக்கு வருவதை நிறுத்துவான். அம்மா அதைச் சோம்பேறித்தனம் என்று எடுத்துக்கொண்டு திட்டுவார்.

பணம் யாருக்குப் போகிறது

"முப்பது லட்சம் பேர் பாத்திருக்காங்களாமே, உனக்கு எவ்ளோ வந்துச்சு?" சொந்தக்காரர் கேட்கிற இந்தக் கேள்விக்கு அக்காவிடம் பதில் இல்லை. பதில் எளிது: ஒரு பைசா வராது. வீடியோ யாருடைய சேனலில் இருக்கிறதோ அவருக்குத்தான் விளம்பரப் பணம். அவருக்கும் சும்மா வராது. 1000 சந்தாதாரர் வேண்டும், கூடவே 12 மாதத்தில் 4000 மணி நேரப் பார்வை அல்லது 90 நாளில் ஷார்ட்ஸில் ஒரு கோடிப் பார்வை வேண்டும். கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் வங்கிக்கு வரும். படத்தில் இருக்கிற முகத்துக்கு இதில் பங்கு கொடு என்று எந்தச் சேனலும் கட்டாயப்படுத்தப்படுவதில்லை. இதைச் சொன்னால் உறவுக்காரர் நம்பமாட்டார், மறைப்பதாக நினைப்பார். கைமாத்து கேட்டு இல்லையென்ற பிறகு, "பேமஸ் ஆனதும் மாறிட்டா" என்ற பேச்சு கிளம்பும். புகழால் உடைகிற உறவுகளில் பெரும்பாலானவை இந்த வராத பணத்தால் உடைகின்றன.

வருகிற பணம் ஒன்று உண்டு, நன்கொடை. அதில்தான் ஆபத்து கூடுதல். வீடியோவில் ஒரு கியூஆர் கோடு போடுவார்கள். அது யார் கணக்கு என்று முதலில் பார்க்க வேண்டும். "அக்காவுக்கு நான் வாங்கித் தரேன்" என்று வேறொருவர் கணக்கில் வாங்குவது நல்ல எண்ணத்தில் தொடங்கினாலும் நல்லபடியாக முடிவது அரிது. டெல்லி மாளவியா நகரில் 2020 அக்டோபரில் ஒரு வயதான தம்பதியின் சாலையோரக் கடை இப்படித்தான் ஒரே ராத்திரியில் நாடறிந்தது. சில வாரங்களிலேயே நன்கொடைக் கணக்கு பற்றிய தகராறு போலீஸுக்குப் போனது. டிசம்பரில் புது உணவகம் திறந்தார்கள். வாடகையும் சம்பளமும் வரவைத் தின்றதில் சில மாதங்களில் மூடிவிட்டுப் பழைய கடைக்கே திரும்பினார்கள். அதன் பிறகு அந்தப் பெரியவர் மருத்துவமனை வரை போய் வந்தார்.

அதனால் நன்கொடை என்று வந்தால் அக்கா பெயரில் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு, அதற்குத் தனிக் கோடு. கடை வியாபாரக் கணக்கோடு கலக்கக் கூடாது. காரணம் உண்டு. எங்கோ ஏமாற்றிப் பறித்த பணத்திலிருந்து ஐந்நூறு ரூபாய் இந்தக் கணக்குக்கு வந்திருந்தால்கூட, சைபர் போலீஸ் விசாரணையில் கணக்கு முடங்கலாம். தனிக் கணக்கென்றால் நன்கொடைதான் முடங்கும், மறுநாள் உளுந்து வாங்குகிற காசு முடங்காது. கடைக் கோடு மேல் வேறு கோட்டை ஒட்டிவிட்டுப் போகிற திருட்டும் கூட்ட நாளில்தான் நடக்கும். காலையில் கடை திறந்ததும் நாமே ஒரு ரூபாய் போட்டு, ஸ்பீக்கர் பெட்டி சத்தம் கேட்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். "பணம் அனுப்புறேன், ஓடிபி சொல்லுங்க" என்கிற போனுக்கு வைத்துவிடுவதைத் தவிர வேறு பதில் கிடையாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு.

இன்னொன்று தண்டல். கூட்டத்தைப் பார்த்ததும் தண்டல்காரர் தானே வருவார். பத்தாயிரத்துக்கு எழுத்து, கையில் எட்டாயிரத்து ஐந்நூறு, தினம் நூறு வீதம் நூறு நாள். கூட்டம் நூறு நாள் நிற்காது. கடன் நூறு நாளும் நிற்கும்.

வேஷம் கலைப்பது

வட ஆற்காட்டுக்காரர்களுக்குப் புகழை எப்படிக் கையாளுவது என்பது தெரியாத சங்கதி அல்ல. பங்குனி தொடங்கித் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்கிற ஊர்கள் இவை. பகலில் மேஸ்திரி வேலை, நெசவு, விவசாயம் என்றிருக்கிறவர் ராத்திரி பத்து மணிக்குத் துரியோதனன். அரிதாரம் பூசி, கட்டையும் கிரீடமும் கட்ட இரண்டு மூன்று மணி நேரம். திரைக்குப் பின்னால் நின்று தன் பெருமையைத் தானே பாடிக்கொண்டுதான் சபைக்கு வருவார். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் நடுவில் புகுந்து அந்தப் பெருமையைக் கிண்டல் செய்வான், அதற்கும் அங்கே இடம் இருக்கிறது. ஊரே உட்கார்ந்து விடிய விடியப் பார்க்கும். விடிந்ததும் கிரீடத்தை இறக்கி, தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி முகத்தில் தேய்த்து, பழந்துணியால் துடைப்பார். நெற்றியிலும் காதோரத்திலும் கொஞ்சம் சிவப்பு ஒட்டியிருக்கும். பக்கத்தில் பாஞ்சாலி வேஷம் கட்டியவர் சேலையை அவிழ்த்து மடித்துவிட்டுப் பீடி பற்றவைப்பார். அதே ஜனம் டீக்கடையில் அவரைப் பார்த்து, "இன்னா நைனா, செங்கல் லோடு வந்துச்சா?" என்று கேட்கும். யாரும் அவரைத் துரியோதனன் என்று கூப்பிடமாட்டார்கள்.

இந்த ஏற்பாட்டில் எண்ணெய்க்கு உள்ள இடத்தைக் கவனியுங்கள். வேஷம் போட்டவர்களே எண்ணெயும் கொண்டுவருகிறார்கள். இட்லிக்கடை அக்காவுக்கு வேஷம் போட்டுவிட்ட பையன் அடுத்த ஊருக்கு பிரியாணி தேடிப் போய்விட்டான். அவன் கெட்டவன் இல்லை. எண்ணெய் என்று ஒன்று வேண்டும் என்பது அவனுக்குத் தெரியாது.

அரசாங்கத்துக்கே ஒருமுறை இது புரிந்தது. பத்தாவது, பன்னிரண்டாவது ரிசல்ட் நாளில் மாநில முதலிடம் யார் என்று அறிவித்து, அந்தப் பிள்ளையின் வீட்டு வாசலில் கேமரா போய் நிற்கிற வழக்கத்தை 2017இல் தமிழகத்தில் நிறுத்தினார்கள். பதினேழு வயதில் ஒரு நாள் ஊரே கொண்டாடிவிட்டு, அப்புறம் கல்லூரியில் ஒரு பாடத்தில் அரியர் விழுந்தால் அந்தப் பிள்ளை அதை யாரிடம் போய்ச் சொல்லும்?

உளுந்து ஊறப்போடுகிற நேரம்

கூட்டம் குறைகிற நாள் தேதி சொல்லிவிட்டு வருவதில்லை. முந்நூறு இருநூறாகும், அப்புறம் ஒரு மழை நாள் வரும், அதன் பிறகு எண்பது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எண்பது பேர் என்பது பழைய அறுபத்தைந்தைவிட அதிகம்தானே என்று தோன்றும். உள்ளே கணக்கு அப்படி ஓடாது. 1978இல் பிரிக்மன் என்ற உளவியல் ஆய்வாளரும் கூட்டாளிகளும் அமெரிக்காவில் லாட்டரியில் பெரும்பணம் அடித்த 22 பேரிடம் விசாரித்தார்கள். மற்றவர்களைவிட அவர்கள் பெரிதாக ஒன்றும் சந்தோஷமாக இல்லை. அதோடு, காலைச் சாப்பாடு, நண்பரோடு பேச்சு, டிவி பார்ப்பது மாதிரியான சின்னச் சின்ன விஷயங்களில் அவர்களுக்குக் கிடைத்த ருசி குறைந்திருந்தது. அந்தச் சின்ன ருசிகளால்தான் அக்காவின் பழைய நாள் ஓடிக்கொண்டிருந்தது. முதல் ஈடு இறக்கும்போது வருகிற ஆவி வாசனை, ஷூ கம்பெனிப் பெண்களின் அரட்டை, ஒன்பதரைக்குப் பாத்திரம் கழுவிக் கவிழ்க்கும்போது வருகிற நிம்மதி.

எல்லாம் ஒன்றாக வந்து முட்டுகிற இடம் மத்தியானம் இரண்டு மணி. அரிசி டப்பாவைத் திறந்து படியைக் கையில் எடுக்கிற நேரம். நாளைக்கு எத்தனை படி? பன்னிரண்டு போட்டு எண்பது பேர் வந்தால், மிஞ்சிய மாவு மறுநாளைக்குப் புளித்துவிடும், கீழே கொட்ட வேண்டும். மூன்று போட்டால் "எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்த மாதிரி. அக்கா ஐந்து அளக்கிறார், நின்று, இன்னும் இரண்டு போடுகிறார், அப்புறம் ஒன்றைத் திரும்ப எடுத்துக் கொட்டுகிறார். அரிசியை அளக்கிற கை இப்படித் தயங்கினால், அந்த வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். கமெண்ட் படிப்பதைவிடப் பெரிய அறிகுறி அது. கூடவே இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, கடை திறக்கப் பிடிக்கவில்லை, "போய்ச் சேர்ந்துட்டா தேவலை" என்று பேச்சு வருகிறது என்றால் யோசிக்கக் கூடாது. அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் செய்தால் தமிழிலேயே பேசுவார்கள், எந்நேரமும், செலவில்லை. நேரில் போக அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. பாகாயத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்குகிற முறையைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கொண்டுவந்தார்கள். கடைக்கு வந்த நோய்க்கும் அந்த முறைதான் சரிப்படும், தனியாக விட்டால் ஆறாது.

கூட்டம் இருக்கும்போதே செய்ய வேண்டியது, படியைக் கூட்டாமல் இருப்பது. மூன்றை நாலாக்கலாம், பன்னிரண்டாக்கக் கூடாது. "மாவு தீர்ந்தது" என்று ஒரு அட்டை எழுதித் தொங்கவிடலாம். முதல் இரண்டு ஈட்டை வழக்கமாக வருகிறவர்களுக்கு எடுத்து வைத்துவிட வேண்டும், சென்னைக்காரர் முறைத்தாலும் சரி. கோவை வடிவேலம்பாளையத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லி விற்ற மூதாட்டியை 2019இல் நாடே பார்த்தது. பெரிய பெரிய ஆட்கள் உதவ வந்தார்கள், வீடுகூடக் கட்டிக் கொடுத்தார்கள். அவர் இட்லி விலையை ஒரு ரூபாயிலேயே வைத்திருந்தார். அவரை அது காப்பாற்றியது என்றுதான் தோன்றுகிறது. ஊர் எவ்வளவு குலுங்கினாலும் அவர் கையில் அசையாத ஓர் எண் இருந்தது.

வீடியோ எடுக்கிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு மாவு இருக்கும் என்று கேட்டு அதையும் வீடியோவிலேயே சொல்லுங்கள். வருமானம் எவ்வளவு என்று கேமரா முன்னால் கேட்காதீர்கள். பிள்ளை முகத்தைக் காட்டாதீர்கள். வீடியோவை நீக்கச் சொன்னால் நீக்கிவிடுங்கள். நீக்காவிட்டால் யூடியூபிலேயே தனியுரிமைப் புகார் கொடுக்க வழி இருக்கிறது. அதற்கு வீடியோவில் இருப்பவர், அடையாளம் தெரிகிற இடத்தை நிமிடம், நொடியோடு குறிப்பிட்டு எழுத வேண்டும். பதிவேற்றியவருக்கு 48 மணி நேரம் கொடுத்துப் பார்த்துவிட்டு அவர்களே முடிவெடுப்பார்கள். அக்காவுக்கு இது தெரியாது, கடைக்கு வருகிற கல்லூரிப் பிள்ளை யாராவது உட்கார்ந்து எழுதித் தரலாம்.

ஆட்டோ அண்ணன் எதிர்க்கடைக்குப் போனவர் அங்கேயே தங்கிவிடுவார், கூச்சம் காரணம். "இப்போ நீங்க பெரிய ஆளு" என்று ஒரு தயக்கம். இவர் கூப்பிட மாட்டார், அவர் வரமாட்டார். யாராவது ஒருவர் முந்திக்கொள்ள வேண்டும். அவர் வந்து, பழைய இடத்தில் நின்றபடியே தின்றுவிட்டு, தட்டை வாளியில் போடும்போது, வீடியோ பற்றி ஒன்றும் கேட்காமல், "நாளைக்கும் வரேங்கா, நாலு எடுத்து வை" என்று சொல்லிவிட்டுப் போனால் போதும். மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த நாலு இட்லிக்கான அரிசி தயங்காமல் படியில் விழும்.